திரையில் சிவப்பு, தெருவில் இணைப்பு ஓடுகிறது: நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருளை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வட சென்னையின் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எங்கள் கட்டுப்பாட்டு அறை இருக்கிறது. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வரை போகும் ஃபைபர் இணைப்புகளை அங்கே ஒரே ஒரு சர்வரில் ஓடும் கண்காணிப்பு மென்பொருள் கவனித்துக்கொள்கிறது. அந்த மென்பொருளைக் கவனித்துக்கொள்வது எட்டு ஆண்டுகளாக என் பொறுப்பு. லைனில் எத்தனை கோளாறு வந்ததோ, ஏறக்குறைய அத்தனை கோளாறு லைனைக் கண்காணிக்கும் மென்பொருளிலும் வந்திருக்கிறது. பொய் எச்சரிக்கை பத்து முறை அடித்த பிறகு, பதினோராவதாக உண்மையான எச்சரிக்கை அடிக்கும்போது இரவுப் பணியில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பதில்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திருத்த வேண்டியது மென்பொருளை.

நான் பயன்படுத்துவது சாபிக்ஸ். நாகியோஸ், லிப்ரே என்.எம்.எஸ். வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். அமைப்புப் பக்கங்களின் பெயர்தான் மாறும். ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தில் தொடங்கிச் செலவு பிடிக்கும் காரணம் வரை எழுதியிருக்கிறேன். சரிசெய்த பிறகு மென்பொருளில் என்ன மாற்றினால் அதே கோளாறு திரும்பாது என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

## கை வைப்பதற்கு முன்

சர்வரை மறுதொடக்கம் செய்யாதீர்கள். முதலில் எல்லோருக்கும் வரும் ஆசை அதுதான். மறுதொடக்கம் செய்தால் பல நேரங்களில் கோளாறு மறைந்துவிடும். காரணமும் அதோடு மறைந்துவிடும். அடுத்த வாரம் அதே நேரத்தில் மீண்டும் அங்கேயே வந்து உட்கார வேண்டியிருக்கும்.

பிரச்சினை தொடங்கிய நேரத்தைத் தாளில் எழுதுங்கள். திரையைப் படம் எடுத்து வையுங்கள். கைப்பேசியை அலுவலக வைஃபையிலிருந்து எடுத்துவிட்டு மொபைல் இணையத்துக்கு மாற்றுங்கள். உங்கள் நெட்வொர்க் வெளியிலிருந்து எப்படித் தெரிகிறது என்பதை அது காட்டும்.

## அறிகுறி 1: திரையில் சிவப்பு; வாடிக்கையாளர் வீட்டில் இணைப்பு ஓடுகிறது

சிவப்பாகத் தெரியும் சாதனத்துக்குக் கண்காணிப்பு சர்வரில் உட்கார்ந்தே கையால் பிங் (சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்யுங்கள். மடிக்கணினியிலிருந்து செய்த பிங் இங்கே சாட்சி ஆகாது, அது வேறு பாதையில் போயிருக்கலாம். நூறு பிங்காவது விடுங்கள். நான்கு பிங்கில் எதுவும் தெரியாது. கிடைக்கும் விடையைப் பொறுத்து மூன்று கிளைகள்.

### பிங் முழுதாக வருகிறது, மென்பொருள் மட்டும் இல்லை என்கிறது

மென்பொருளில் பதிந்திருக்கும் ஐ.பி. முகவரியையும் சாதனத்தின் முகவரியையும் ஒப்பிடுங்கள். நெட்வொர்க் சுவிட்சை மாற்றிய லைன்மேன் புதிய முகவரியைச் சொல்ல மறந்திருப்பார். எங்கள் இடத்தில் இதுவே அதிகம்.

அடுத்து, எத்தனை பிங் தவறினால் எச்சரிக்கை அடிக்க வேண்டும் என்ற அமைப்பைப் பாருங்கள். ஒன்று தவறினாலே அடிக்கும்படி இருந்தால் மாற்றுங்கள். அடுத்தடுத்து மூன்று சோதனைகள் தவறினால்தான் சிவப்பு. சிவப்பிலிருந்து பச்சைக்குத் திரும்பவும் மூன்று சோதனைகள் தேற வேண்டும். திரும்பும் நிபந்தனையைப் பலர் வைப்பதில்லை. அது இல்லாவிட்டால் தள்ளாடும் ஒரு லைன் இரவு முழுவதும் சிவப்பு, பச்சை, சிவப்பு என்று செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும்.

எல்லாச் சாதனங்களும் ஒரே நேரத்தில் சிவப்பாகி, கையால் செய்யும் பிங் எல்லாவற்றுக்கும் ஒழுங்காக வந்தால், சர்வரில் அண்மையில் ஏதாவது அப்டேட் நடந்ததா என்று விசாரியுங்கள். பிங் அனுப்பும் எஃப்பிங் என்ற சிறு நிரலுக்குத் தனி அனுமதி தேவை. அப்டேட் அதைப் பறித்துவிடுவது உண்டு. மென்பொருள் ஓடும் பயனர் கணக்கிலிருந்தே அதை ஓட்டிப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். நிர்வாகி கணக்கிலிருந்து ஓட்டினால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றி ஏமாற்றும்.

### பிங் விட்டுவிட்டு வருகிறது

எம்.டி.ஆர். நிரலை ஓட்டி, வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரிலும் எவ்வளவு இழப்பு என்று பாருங்கள். நடுவில் உள்ள ஒரு ரவுட்டரில் இழப்பு 30 சதவீதம் காட்டி, அதற்கு அப்பால் உள்ளவை எல்லாம் சுத்தமாக இருந்தால், அங்கே இழப்பே இல்லை. அந்த ரவுட்டர் பிறருடைய தரவுப் பொட்டலங்களை ஒழுங்காகக் கடத்திக்கொண்டிருக்கிறது. தன்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதைத்தான் தள்ளிப்போடுகிறது. ரவுட்டர்கள் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. இப்படிப்பட்ட ரவுட்டருக்கு வைத்த எச்சரிக்கையை எடுத்துவிட்டு, அதற்கு அப்பால் உள்ள சாதனத்துக்கு வையுங்கள்.

இழப்பு ஓரிடத்தில் தொடங்கிக் கடைசி வரை தொடர்ந்தால் மென்பொருள் உண்மை பேசுகிறது. வாடிக்கையாளர் இன்னும் உணரவில்லை, அவ்வளவுதான். அறிகுறி 5-க்குப் போங்கள்.

### பிங் ஒழுங்கு. போர்ட் விவரங்கள் மட்டும் வரவில்லை

இது எஸ்.என்.எம்.பி. பிரச்சினை; சாதனத்திடம் விவரம் கேட்டு வாங்கும் நெறிமுறை அது. அதற்கான யு.டி.பி. 161-ஆம் போர்ட் (கேபிள் சொருகும் போர்ட் அல்ல, தகவல் போகும் வாசல் எண்) சர்வருக்கும் சாதனத்துக்கும் நடுவே திறந்திருக்கிறதா, சமுதாயச் சொல் (கம்யூனிட்டி ஸ்ட்ரிங்) எனப்படும் கடவுச்சொல் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா, சர்வரின் முகவரி சாதனத்தின் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று இதே வரிசையில் பாருங்கள். சர்வரை வேறு கணினிக்கு மாற்றிய மறுநாள் இந்தக் கோளாறு வந்தால் மூன்றாவதுதான் காரணம்.

மூன்றும் சரி, சில நேரம் மட்டும் விவரம் வருகிறது என்றால் சுவிட்சின் மூளை திணறுகிறது. பழைய சுவிட்சிடம் ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான மதிப்புகளைக் கேட்காதீர்கள். பல மதிப்புகளை ஒன்றாகக் கேட்கும் மொத்தக் கோரிக்கையை அந்த ஒரு சாதனத்துக்கு மட்டும் நிறுத்துங்கள். பயன்படாத போர்ட்களைக் கண்காணிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். கேள்விகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டுங்கள். இவ்வளவும் செய்த பின் விடை வராவிட்டால்தான் சுவிட்சை மாற்றும் பேச்சு.

## அறிகுறி 2: ஒரே நிமிடத்தில் நூறு எச்சரிக்கைகள்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எங்களை அதிகம் வாட்டியது இதுதான்.

காசிமேட்டில் விடியற்காலையில் ஐஸ் கட்டி ஏற்றிய லாரிகள் வரிசையாக வரும். ஒருநாள் மூன்றரை மணிக்கு அப்படி வந்த லாரி ஒன்றின் மேற்புறத்தில் தொங்கலாக இருந்த எங்கள் கேபிள் மாட்டி அறுந்தது. என் கைப்பேசியில் 143 செய்திகள். அறுந்த இடத்தைக் காட்டும் செய்தி எல்லாவற்றுக்கும் முதலில் வந்திருந்தது. மற்ற 142 செய்திகளும் அதற்கு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. நான் மேலிருந்து படித்துக்கொண்டே வந்ததால், லைன்மேனை முதலில் தண்டையார்பேட்டைக்கு அனுப்பிவிட்டேன். அவர் அங்கிருந்து பேசி, "அண்ணா, இங்கே பெட்டி நன்றாக இருக்கிறது, விளக்கு எரிகிறது" என்று சொன்னபோது நாற்பது நிமிடம் போயிருந்தது.

### தாய்-பிள்ளை உறவு வைத்திருக்கிறீர்களா?

முதலில் பார்க்க வேண்டியது இது, காசு செலவில்லை. எந்தச் சாதனம் எதன் வழியாக இணைந்திருக்கிறது என்பதை மென்பொருளுக்குச் சொல்லிவையுங்கள். நாகியோஸில் அதைப் பெற்றோர் என்பார்கள், சாபிக்ஸில் ஓர் எச்சரிக்கை இன்னோர் எச்சரிக்கையைச் சார்ந்திருக்கும்படி வைக்கலாம். தாய்ச் சாதனம் விழுந்தால் பிள்ளைகளின் எச்சரிக்கை வெளியே போகக்கூடாது.

நெட்வொர்க் முழுவதையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். கடந்த மூன்று மாதத்தில் அதிக எச்சரிக்கை தந்த பத்துச் சாதனங்களுக்கு மட்டும் முதலில் வையுங்கள். வளைய இணைப்பு இருக்கும் இடங்களில் கவனம் தேவை: இரண்டு பாதை உள்ள சாதனத்துக்கு ஒரு தாயை மட்டும் சொன்னால், உண்மையான விபத்தில் அது வாய் மூடிக்கொள்ளும்.

உறவு வைத்த பிறகும் பிள்ளைகளின் செய்தி வந்தால், சோதனை நேரத்தைப் பாருங்கள். தாயை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையும் பிள்ளையை ஒரு நிமிடத்துக்கு ஒருமுறையும் சோதித்தால், தாய் விழுந்தது தெரிவதற்கு முன்பே பிள்ளை கத்திவிடும். தாயை அடிக்கடி சோதியுங்கள். பிள்ளையின் எச்சரிக்கைக்கு இரண்டு நிமிடத் தாமதம் கொடுங்கள்.

### மின்வெட்டா, ஃபைபர் அறுந்ததா?

நூறு வீடுகள் ஒன்றாக விழுந்தால் அடுத்த கேள்வி இதுதான். லைன்மேனை அனுப்புவதா, மின்சாரம் வரும் வரை பொறுப்பதா என்பது இதன் விடையில் இருக்கிறது.

வீட்டில் ஃபைபர் வந்து முடியும் ஓ.என்.டி. பெட்டி மின்சாரம் போகும் கணத்தில், மிச்சமிருக்கும் துளி ஆற்றலைக் கொண்டு ஒரு கடைசிச் செய்தி அனுப்பும். எங்கள் பக்கத்தில் பல வீடுகளின் ஓ.என்.டி.க்களை இணைக்கும் ஓ.எல்.டி. கருவி அதைத் தனி அலாரமாகப் பதிந்துகொள்ளும். ஃபைபர் அறுந்தால் அந்தச் செய்தி வராது. ஒளி இழப்பு அலாரம் மட்டும் வரும். பெரும்பாலான இடங்களில் கண்காணிப்பு மென்பொருள் இந்த இரண்டையும் ஒரே சிவப்பாகக் காட்டுகிறது. ஓ.எல்.டி. தன் அலாரத்தைக் கண்காணிப்பு சர்வரின் யு.டி.பி. 162-ஆம் போர்ட்டுக்குத் தானே அனுப்பும். அதைப் பிரித்துப் படித்து, கடைசிச் செய்தி வந்தவற்றை மஞ்சளாகவும் ஒளி இழந்தவற்றைச் சிவப்பாகவும் காட்டும்படி விதி எழுதுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு எங்கள் லைன்மேன்களின் வீண் அலைச்சல் கண்கூடாகக் குறைந்தது.

சில மலிவான ஓ.என்.டி. பெட்டிகள் கடைசிச் செய்தியை அனுப்புவதே இல்லை. அப்போது விழுந்த வீடுகளின் வடிவத்தைப் பாருங்கள். ஒரே ஸ்பிளிட்டரின் (ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் கருவி) எல்லா வீடுகளும் ஒரே நொடியில் விழுந்தால் ஃபைபர். பல ஸ்பிளிட்டர்களில் சிதறி, ஆனால் ஒரே தெருவில் விழுந்தால் மின்சாரம். இன்வெர்ட்டர் வைத்திருக்கும் இரண்டு மூன்று வீடுகள் பச்சையாகவே நிற்கும், அதுவே சாட்சி.

எங்கள் பெட்டி இருக்கும் இடங்களில் இன்னொன்றும் செய்திருக்கிறோம். கிடப்பில் கிடந்த பழைய ரவுட்டர் ஒன்றை எடுத்து, யு.பி.எஸ். வழியாக இல்லாமல் நேரடியாகச் சுவர் பிளக்கில் சொருகி, சுவிட்சில் இணைத்துவிடுவோம். அதற்கு வேறு வேலை எதுவும் கிடையாது, பிங் அடித்தால் பதில் சொல்ல வேண்டும். அது மட்டும் விழுந்து, சுவிட்ச் தொடர்ந்து ஓடினால், மின்சாரம் போய் பேட்டரியில் ஓடுகிறோம் என்று பொருள். அந்த எச்சரிக்கை வந்தவுடன் ஜெனரேட்டரைக் கிளப்பிக் கொண்டுபோக நேரம் கிடைக்கிறது. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் மின்சாரம் நிறுத்தும் நாட்களில் இதன் அருமை தெரியும்.

### எப்போது ஆளைக் கூப்பிடுவது

ஃபைபர்தான் என்று முடிவானால், அறுந்த இடத்தைத் தூரக்கணக்கில் காட்டும் ஓ.டி.டி.ஆர். கருவியும் ஒட்டுப்போடும் இயந்திரமும் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். அறுந்த முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்காதீர்கள். வீடுகளுக்கு ஃபைபர் தரும் ஜி-பான் முறையில் ஓ.எல்.டி.யிலிருந்து வீட்டை நோக்கி வரும் ஒளி 1490 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாது, தெரியாததாலேயே ஆபத்து.

## அறிகுறி 3: லைன் செத்துவிட்டது, எச்சரிக்கை வரவே இல்லை

திருவொற்றியூரில் மாட வீதிக்கு அருகில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர் அம்மா எனக்கு நேரடியாகப் பேசினார். "தம்பி, இரண்டு மணி நேரமாக நெட் இல்லை. உங்களுக்கு இன்னும் தெரியாதா?" எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பொய் எச்சரிக்கையை விட இந்த மௌனம் மோசமானது.

### எச்சரிக்கை திரையில் இருக்கிறது, கைக்கு வரவில்லை

பராமரிப்பு நிலையில் வைத்துவிட்டு எடுக்க மறந்தீர்களா என்று முதலில் பாருங்கள். முடிவு நேரம் கொடுக்காமல் பராமரிப்பு நிலையைச் சேமிப்பதில்லை என்று ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

பிறகு செய்தி போகும் வழி. மின்னஞ்சல் என்றால் கடவுச்சொல்: ஜிமெயில் 2022 மே மாத இறுதியோடு சொந்தக் கணக்குகளில் சாதாரணக் கடவுச்சொல்லால் வெளிச் செயலிகள் நுழைவதை நிறுத்திவிட்டது, இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, செயலிக்கென்று தனிக் கடவுச்சொல் எடுக்க வேண்டும். டெலிகிராம் என்றால் குழுவின் அடையாள எண்: சாதாரணக் குழு பெருங்குழுவாக மாற்றப்பட்டால் எண் மாறிவிடும், பழைய எண்ணுக்கு அனுப்பிய செய்தி எங்கும் போய்ச் சேராது.

எஸ்.எம்.எஸ். என்றால் வாசகம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைகளின்கீழ் அனுப்புநர் தலைப்பையும் செய்தி வாசகத்தின் வார்ப்பையும் (டெம்ப்ளேட்) முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்த வார்ப்போடு பொருந்தாத செய்தியைத் தொலைத்தொடர்பு நிறுவனம் தடுத்துவிடும். நான் ஒருநாள் எச்சரிக்கை இன்னும் தெளிவாக இருக்கட்டும் என்று "விழுந்தது" என்ற சொல்லுக்குப் பிறகு தெருப் பெயரைச் சேர்த்தேன். அன்று மாலையிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். கூட வரவில்லை. மென்பொருள் தன் பக்கத்தில் "அனுப்பப்பட்டது" என்றே காட்டியது. வாசகத்தை மாற்ற வேண்டுமென்றால் முதலில் வார்ப்பை மாற்றிப் பதிந்து ஒப்புதல் பெறுங்கள். இதில் சிக்கல் நீடித்தால் எஸ்.எம்.எஸ். சேவை தருபவரிடம்தான் கேட்க வேண்டும்; செய்தி எந்தக் கட்டத்தில் நின்றது என்ற அறிக்கை அவரிடம் இருக்கும்.

### எச்சரிக்கை திரையிலும் இல்லை

அந்தச் சாதனத்தின் கடைசி மதிப்பு எப்போது வந்தது என்று பாருங்கள். மூன்று நாளாக மதிப்பே வராமல், கடைசியாக வந்த "நலம்" என்ற விடையைப் பிடித்துக்கொண்டு பச்சையாக நின்றுகொண்டிருக்கலாம். மதிப்பு வராமல் இருப்பதற்கே தனி எச்சரிக்கை வைக்க வேண்டும். பத்து நிமிடம் எதுவும் வராவிட்டால் சாம்பல் நிறம். அரை மணி நேரம் ஆனால் மஞ்சள். பச்சையாக மட்டும் இருக்கக்கூடாது.

சுவிட்ச் மறுதொடக்கம் ஆகும்போது போர்ட்களின் உள் எண் வரிசை மாறிவிடுவதும் உண்டு. நேற்று வரை 7 என்ற எண் எண்ணூர் பாதையைக் குறித்திருக்கும். இன்று அது யாரும் பயன்படுத்தாத போர்ட். எண் மாறாமல் நிலைக்கச் செய்யும் அமைப்பு பல சுவிட்சுகளில் இருக்கிறது, இயக்குங்கள். இல்லாவிட்டால் மென்பொருள் போர்ட்டை எண்ணால் தேடாமல் பெயரால் தேடும்படி மாற்றுங்கள்.

### கண்காணிப்பவரே விழுந்துவிட்டார்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பகுதியில் மின்சாரம் போனது. சர்வர் பேட்டரியில் சில மணி நேரம் தாங்கியது, பிறகு நின்றது. நின்ற சர்வர் நான் நின்றுவிட்டேன் என்று எப்படிச் சொல்லும்? அன்றைக்கு வந்த அமைதியை நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன், அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு இரண்டு ஏற்பாடுகள். நகரத்துக்கு வெளியே வாடகைக்கு எடுத்த சின்ன சர்வர் ஒன்று எங்கள் கண்காணிப்பு சர்வரை மட்டும் நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கிறது. காலை எட்டு மணிக்கு எல்லா வழிகளிலும் ஒரு சோதனைச் செய்தி வருகிறது: மின்னஞ்சல், டெலிகிராம், எஸ்.எம்.எஸ். மூன்றும். எட்டேகால் மணிக்குள் மூன்றில் ஒன்று வராவிட்டால் அன்றைய முதல் வேலை அதுதான்.

## அறிகுறி 4: வரைபடம் நம்பும்படியாக இல்லை

கோடு விட்டுவிட்டு இருக்கிறது. சோதனைச் சுற்று ஒன்று முடிய ஆகும் நேரம் சோதனை இடைவெளியைத் தாண்டுகிறது. சோதனை செய்யும் செயல்முறைகள் போதவில்லை, அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். அதற்கு முன் செத்துப்போன சாதனங்களைப் பட்டியலிலிருந்து எடுங்கள். பதில் சொல்லாத ஒரு சாதனத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் உயிருள்ள பல சாதனங்களைச் சோதித்துவிடலாம்.

பரபரப்பான நேரத்திலும் கோடு நொடிக்குச் சுமார் 114 மெகாபிட்டைத் தாண்டவில்லை. இந்த எண்ணைப் பார்த்தவுடன் காரணத்தைச் சொல்லிவிடலாம். போர்ட் வழியாகப் போன பைட்டுகளை எண்ணும் 32 பிட் எண்ணி சுமார் 429 கோடி பைட் வரை எண்ணிவிட்டுச் சுழியத்துக்குத் திரும்பும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படித்தால், அதனால் காட்ட முடிந்த அதிகபட்சம் 114 மெகாபிட். ஒரு ஜிகாபிட் லைன் முழு வேகத்தில் ஓடினால் அந்த எண்ணி 34 நொடியிலேயே சுற்றிவிடும்; நடுவில் எத்தனை முறை சுற்றியது என்று மென்பொருளுக்குத் தெரிய வழியில்லை. 64 பிட் எண்ணிக்கு மாற்றுங்கள். எஸ்.என்.எம்.பி. முதல் பதிப்பில் அது கிடைக்காது, இரண்டாம் பதிப்பு தேவை. மாற்றிய நாளில் கோடு திடீரென்று உயரும்; முதலாளி பதறிப்போவார், முன்பே சொல்லிவையுங்கள்.

நடுவில் வானளாவும் ஓர் ஊசி. சாதனம் மறுதொடக்கம் ஆகி எண்ணி சுழியத்துக்குப் போயிருக்கும். அதை மென்பொருள் சுற்றியதாக எண்ணிக் கணக்குப் போட்டிருக்கிறது. லைனின் அதிகபட்ச வேகத்தைத் தாண்டிய மதிப்பைப் புறக்கணிக்கும்படி வரம்பு வையுங்கள்.

போன மாதம் பார்த்த உச்சி இன்று குறைந்திருக்கிறது. கோளாறு இல்லை. பழைய தரவைச் சராசரியாகச் சுருக்கிவைக்கிறார்கள். சராசரியில் உச்சி கரைந்துவிடும். திறன் கூட்ட வேண்டுமா என்று முடிவெடுக்கும் வரைபடங்களுக்குச் சராசரியோடு அதிகபட்சத்தையும் சேமிக்கச் சொல்லுங்கள்.

நேரம் ஐந்தரை மணி நேரம் தள்ளி இருக்கிறது. நேர மண்டலம் எங்கோ உலகப் பொது நேரத்தில் நிற்கிறது. சர்வர், தரவுத்தளம், இணையப் பக்கம் மூன்றையும் பாருங்கள். சில நிமிடம் மட்டும் விலகினால் கடிகார ஒத்திசைவு நின்றிருக்கிறது, ஓ.எல்.டி.க்கும் அதே நேரச் சர்வரைக் கொடுங்கள், இல்லாவிட்டால் எது முதலில் விழுந்தது என்று ஒருபோதும் சொல்ல முடியாது.

## அறிகுறி 5: எல்லாம் பச்சை, ஆனால் வாடிக்கையாளர் மெதுவாக இருக்கிறது என்கிறார்

மென்பொருள் "இருக்கிறதா" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது. "எப்படி இருக்கிறது" என்று கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

### தாமிரக் கேபிள் போகும் இடம்

அந்தப் போர்ட்டின் பிழை எண்ணியைப் பாருங்கள். நாள்தோறும் கூடிக்கொண்டே போனால் கேபிளின் இரண்டு முனைகளையும் கழற்றிப் பாருங்கள். காசிமேடு கடற்கரையை ஒட்டிய ஒரு மொட்டை மாடிப் பெட்டியில் நான் கழற்றிய ஆர்.ஜே. 45 முனை இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எட்டு உலோகப் பற்களில் மூன்று மட்டும் பளபளக்கின்றன; மற்றவற்றின் மேல் பாசி படர்ந்ததுபோல் பச்சை பூத்து, ஓரத்தில் வெள்ளை உப்புத்தூள் ஒட்டியிருக்கிறது. விரல் நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. அந்த லைன் செத்துப்போகவில்லை, அதனால் திரையில் கடைசி வரை பச்சை. ஆனால் ஒரு ஜிகாபிட்டிலிருந்து 100 மெகாபிட்டுக்கு இறங்கி வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். இரண்டு ஜோடி போதும் 100 மெகாபிட்டுக்கு.

முனையை வெட்டிப் புதிதாகப் போடுங்கள். போர்ட்டின் வேகம் குறைந்தால் எச்சரிக்கை, ஒரு மணி நேரத்தில் பிழை எண்ணிக்கை முந்தைய வாரத்தின் அளவைத் தாண்டினால் எச்சரிக்கை என்று இரண்டு விதிகளைச் சேர்த்துவிடுங்கள். கடலோரப் பெட்டிகளுக்கு நீர் புகாத மூடியும் போடுங்கள்.

### ஃபைபர் போகும் இடம்

ஓ.என்.டி.க்கு வந்து சேரும் ஒளியின் அளவைப் பாருங்கள். வழக்கமாக வீடுகளுக்குப் போடும் பி பிளஸ் வகையில் மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டி.பி.எம். (ஒளியின் வலிமையைச் சொல்லும் அளவு) வரை ஏற்கும். மைனஸ் 27-ல் எச்சரிக்கை வைத்திருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அது மூச்சு நின்ற பிறகு மருத்துவரைக் கூப்பிடுவது. இணைப்பு கொடுத்த நாளில் இருந்த அளவைக் குறித்துவைத்து, அதிலிருந்து 3 டி.பி. இறங்கியதும் மஞ்சள் காட்டச் செய்யுங்கள். 3 டி.பி. என்றால் ஒளியில் பாதி போய்விட்டது என்று அர்த்தம்.

ஒரு வீட்டில் மட்டும் இறங்கியிருந்தால் முனையைத் துடைத்துப் பாருங்கள், கேபிள் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அலமாரிக்குப் பின்னால் நசுங்கிய ஃபைபரே பாதி வீடுகளில் காரணம். ஒரு ஸ்பிளிட்டரின் எல்லா வீடுகளிலும் இறங்கியிருந்தால் ஸ்பிளிட்டர் பெட்டி அல்லது அதற்கு முந்தைய ஒட்டு. மழைக்குப் பிறகு இறங்கி, வெயிலில் ஏறினால் ஜாயின்ட் பாக்ஸுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. அங்கே நீங்கள் கை வைக்காமல் ஒட்டுப்போடுபவரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 6: மென்பொருளே திணறுகிறது, பக்கம் திறக்க ஒரு நிமிடம் ஆகிறது

ஹார்டு டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இடம் இருந்தும் எழுத முடியவில்லை என்றால் கோப்புகளின் எண்ணிக்கை வரம்பைத் தொட்டிருக்கும். டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையில் அதற்கென்று தனித் தேர்வு இருக்கிறது.

தரவுத்தளம்தான் இடத்தை விழுங்கியிருந்தால், எவ்வளவு நாள் தரவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிமிட மதிப்பையும் ஓராண்டு வைத்திருக்கத் தேவையில்லை. இரண்டு வாரம் போதும், அதற்கு மேல் மணிக்கணக்குச் சுருக்கம் போதும். ஆனால் பழைய வரிசைகளை அழித்தவுடன் டிஸ்க்கில் இடம் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் அந்த இடத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அட்டவணையை மீண்டும் கட்டினால்தான் திரும்பும். கட்டுவதற்கே கூடுதல் இடம் வேண்டும். அதனால் 95 சதவீதம் நிரம்பும் வரை காத்திருக்காமல் 70-ல் எச்சரிக்கை வையுங்கள்.

அடுத்த படி, தரவை நாள் வாரியாகப் பிரித்து வைப்பது. பழைய நாளை மொத்தமாகத் தூக்கி எறிந்துவிடலாம், வரிசை வரிசையாக அழிக்கும் சுமை போய்விடும். அதற்கடுத்த படிதான் எஸ்.எஸ்.டி. டிஸ்க் வாங்குவது.

தரவுத்தளம் சிதைந்துவிட்டதாகப் பிழைச் செய்தி வந்தால் அந்த இடத்தில் நிறுத்துங்கள். இணையத்தில் பார்த்த மீட்புக் கட்டளைகளை நேரடித் தரவில் ஓட்டாதீர்கள். சேவையை நிறுத்தி, டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து, தரவுத்தளம் தெரிந்தவரிடம் நகலைக் கொடுங்கள். சாதனப் பட்டியலையும் எச்சரிக்கை விதிகளையும் வாரம் ஒருமுறை தனிக் கோப்பாக வெளியே எடுத்து வைத்திருந்தால், பழைய வரைபடங்கள் போனாலும் அன்றைக்கு மாலைக்குள் புதிய சர்வரில் கண்காணிப்பைத் தொடங்கிவிடலாம். எங்கள் கோப்பு ஞாயிறுதோறும் இரவு பதினொரு மணிக்கு அந்த வெளிச் சர்வருக்குப் போய்ச் சேர்கிறது. திங்கள் காலை அதன் அளவைப் பார்க்கிறேன், சுழியமாக இருந்தால் மீண்டும் கையால் எடுக்கிறேன்.